என் சீட்டுல ஒரு நாய்

சேக்காடு, ஆவடி
9.8.2025

டேய் விக்ரம்,

உன் போன வாங்கி பெட்டியில போட்டு பூட்டிட்டாங்கன்னு உங்கம்மா சொன்னாங்க. ஞாயித்துக்கெழம அஞ்சு நிமிசம், அதுவும் ஊட்டுக்கு மட்டும் பேச உடுவாங்களாமே. வடக்க அவ்ளோ தூரம் போயி இன்னா பாக்சிங் அகாடமிடா அது, ஜெயில்லயே இத்த விட ஜாஸ்தி உடுவாங்க. அதான் பேனா எடுத்தேன். பாலிடெக்னிக்க உட்டப்புறம் பேனா புடிக்கிறது இதான் மொத தபா. எழுத்து கோணலா கீதுன்னு கலாய்க்காம படி.

நேத்து ஒரு படம் பாத்தேன். மொத நாள் மொத ஷோ. என்னப் பத்தி உனக்கே தெரியும், வாரத்துக்கு ரெண்டு படம் பாக்கறவன். மொக்கப் படத்துக்கும் மரியாத குடுத்து கடசி வரிக்கும் உக்காருவேன். ஏசி ஓடாத தியேட்டர்ல, பக்கத்து சீட்டுக்காரன் தோள்ல சாஞ்சி கொறட்ட உட்டப்ப கூட எழுந்து போவல. ஆனா இந்தப் படம் என்ன அசிங்கப்படுத்திடுச்சி மச்சான். அத்தோட பேர எழுதக் கூட கை வரல.

பாக்சிங் படமாம். ஒரு பாக்சர், ஒரு வாத்தியாரு, ஒரு வண்டி. ரோட்லயே போட்டிக்குப் போறாங்க. வண்டி கெளம்புது. வண்டி போவுது. வண்டி நிக்குது. வாத்தியாரு வானத்தப் பாத்து வாழ்க்கைன்னா இன்னான்னு சொல்றாரு. வண்டி மறுபடி கெளம்புது. மேலேர்ந்து ட்ரோன்ல ரோட்ட காட்றான், காட்றான், காட்டிகினே கீறான். எனக்கு பின்னாடி ஒரு அண்ணாத்த, டோல்கேட்டு வந்தா எழுப்புப்பான்னு பொண்டாட்டி கிட்ட சொல்லிட்டு தூங்கிட்டாரு. தியேட்டரே சிரிச்சிது. படத்துக்கு கெடச்ச ஒரே சிரிப்பு அதான்.

சண்டையாவது கீதான்னு பாத்தா, குத்து வர்றதுக்கு முன்னாடியே எதிராளி உழறான். கையில துணி சுத்தி கீறான் பாரு ஹீரோ, கட்ட வெரல் தனியா வெளிய தொங்குது. அந்தக் கையால ஒரு குத்து உட்டா வெரலு கழண்டு கீழ உழும்.

சரி, மொக்கன்னு உட்டுட்டு போயிருப்பேன். ஆனா இண்டர்வெல்லுக்கு முன்னாடி ஒரு ஊரு வருது. வெண்ண ஊத்துன தோச திங்கிறாங்க. அப்புறம் ஒரு லாட்ஜு, அத்தோட வாசல்ல மாடு நின்னுகினு யாரையும் உள்ள உட மாட்டேங்குது. டேய், அது நம்ம தாவணகெரேடா. அது நம்ம மாடுடா. ரெண்டு வருசம் முன்னாடி நாம போனது. கடசியில பேரெல்லாம் ஓடுது, "நன்றி: விக்ரம், ஆவடி"ன்னு போட்டாங்க. தியேட்டர்ல நான் ஒருத்தன் தான் நின்னுகினு இருந்தேன், பெருக்கற அக்கா தொடப்பத்தோட என் காலாண்ட வந்துட்டாங்க.

அப்ப நீ தான் கத சொல்லி கீற. சொல்லு, தப்பில்ல. ஆனா நான் எங்கடா?

வாத்தியாரு எவன்டா? நமக்கு ஏது வாத்தியாரு? நீயும் நானும் தான போனோம். வண்டி ஓட்னது நான். ராமகிருஷ்ணன் மாமாவோட தண்ணி கேன் வண்டி, க்ளட்ச்சு ரிப்பேரு, பூந்தமல்லியில மெக்கானிக் ஜெபா ஷெட்டுல கீதுன்னு சொல்லிட்டு நான் தான் தூக்கினு வந்தேன். பின்னாடி நாப்பது கேன் தண்ணி. முன்னாடி நீ, எட கொறைக்கணும்னு மே மாச வெயில்ல கண்ணாடிய ஏத்தி உட்டுகினு, ரெண்டு ரெயின்கோட்டு மாட்டிகினு, ஒரு சொட்டு குடிக்காம. நாக்கு ஒட்டிகினு என் பேரே உனக்கு வாயில வரல. செக்போஸ்ட்ல அந்த போலீசு பின்னாடி தெறந்து பாத்துட்டு, தமிழ்நாட்லேர்ந்து கர்நாடகாவுக்கு தண்ணி கொண்டாறீங்களாடான்னு உழுந்து உழுந்து சிரிச்சி உட்டானே. இத்தெல்லாம் உட்டுட்டு எவனாவது படம் எடுப்பானா? அந்த ஹீரோ போற வழியெல்லாம் ஜூஸ் குடிச்சிகினு அவனே வண்டி ஓட்றான். எட கொறைக்கிறவன் ஓட்டுவானா? ஓட்டுனா எங்கனா பள்ளத்துல கெடப்பான்.

ஹீரோவுக்கு பக்கத்துல, என் எடத்துல, இன்னா வெச்சிகீறாங்க தெரியுமா? நாய். பழுப்பு கலர்ல ஒரு நாய். பேரு புருனோ. ஜன்னல்ல தலைய நீட்டிகினு காத்து வாங்குது.

நேரா கேக்கறேன், நேரா சொல்லு. அன்னிக்கி மூணாவது ரவுண்டுல நான் துண்ட தூக்கி ரிங்குக்குள்ள வீசி மேட்ச நிறுத்துனேனே, அதுக்குத்தான என்ன கதையிலேர்ந்து தூக்குன?

பிரசன்னா

~

பிவானி பக்கம்
18.8.2025

பிரசன்னா,

லெட்டர் வந்தது. இங்க யாருக்கும் லெட்டரே வராது. லவ் லெட்டர்னு நினைச்சு ரூம் பசங்க எல்லாரும் சுத்தி நின்னுட்டாங்க. தமிழ் யாருக்கும் தெரியாததால தப்பிச்சேன்.

ஆறு பக்கம் எழுதியிருக்க. எப்படி இருக்கேன்னு ஒரு வரி கேக்கல. நானே சொல்றேன். காலையில ரொட்டி, மதியம் ரொட்டி, ராத்திரி ரொட்டி. இருட்டோட எழுப்பி ஓட விடுறாங்க. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கு. அப்பாகிட்ட சொல்லிடாத. ஃபேக்டரில லீவ் போட்டுட்டு ரயில் ஏறிடுவார்.

படம் வந்ததே எனக்கு உன் லெட்டர்லதான் தெரியும். கதை நான்தான் சொன்னேன். அமல்ராஜ்னு ஒரு அண்ணன், உதவி இயக்குநர், கரையான்சாவடியில நான் பிராக்டிஸ் பண்ற ஜிம்முக்கு பாக்சிங் பத்திக் கேட்டுட்டு வந்தார். டீக்கடையில உக்காந்து முழுசா சொன்னேன். கேன், ரெயின்கோட், செக்போஸ்ட், மாடு எல்லாம் சொன்னேன். உன்னப் பத்திதான் அதிகமா சொன்னேன். அவர் சிரிச்சு சிரிச்சு டீய பேண்ட்ல கொட்டிக்கிட்டார்.

அப்புறம் நானே போன் பண்ணி, உன்னை எடுத்துடச் சொன்னேன். ஆமா, நான்தான். அந்த இடத்துல நாயை வைப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. வாத்தியாரும் அவங்க வேலைதான்.

ஏன்னு லெட்டர்ல எழுத முடியாது. உங்க வீட்டுக்கு வர்ற தபால் எல்லாம் கீழ கேன் குடோன்லதான் விழும். அதை யார் பிரிச்சுப் படிப்பாங்கன்னு உனக்குத் தெரியும். ஊருக்கு வந்து நேர்ல சொல்றேன். அதுவரைக்கும் அந்தப் படத்துக்கு உங்க வீட்ல யாரையும் கூட்டிட்டுப் போகாத.

விக்ரம்

~

சேக்காடு
23.8.2025

டேய்,

ஒத்துகின பாத்தியா. நானேதான் எடுக்கச் சொன்னேன்னு கூச்சமே இல்லாம எழுதிகீற. உன் மணிக்கட்டு எப்டி கீது? போதுமா? கேட்டுட்டேன்.

நீ எழுதுனத மொதல்ல படிச்சது மாமா தான். பிரிச்ச கவர என் தட்டு பக்கத்துல வெச்சிட்டு, "தபால பிரிக்கறது யாருன்னு உன் சிநேகிதனுக்கு நல்லாவே தெரிஞ்சிகீது நைனா"ன்னாரு. நாகவல்லி அத்த சிரிப்ப அடக்கிகினு கொழம்பு ஊத்துனாங்க. எங்கம்மா என்னிய மொறச்சாங்க. அத்தோட உட்டாரா? ஊட்ல யாரும் பாக்கக் கூடாத படம் அப்டி இன்னா படம்டா, எதுனா அசிங்கப் படமான்னு புடிச்சிகினாரு. அசிங்கமெல்லாம் இல்ல மாமா, மொக்கன்னேன். நம்பல. நாளைக்கி மாட்னிக்கு அவர நான் கூட்டினு போவணுமாம். நீ சும்மா இருந்திருந்தா அவரு தியேட்டர் பக்கமே போற ஆளு இல்ல. வாய மூடிகினு ரெண்டரை மணி நேரம் அவரு பக்கத்துல உக்காந்தா முடிஞ்சிது, அவரு தூங்கிடுவாரு.

அத்த உடு. நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லல. காரணம் லெட்டர்ல எழுத முடியாதாம். துண்டுன்னு எழுதறதுக்கு இன்னாடா கஷ்டம்? மூணே எழுத்து.

உனக்கு இடது புருவம் கிழிஞ்சி ரத்தம் கண்ணுக்குள்ள எறங்குச்சி. அந்தப் பக்கத்துலேர்ந்து வந்த ஒரு கைய கூட நீ பாக்கல. நான் பாத்தேன். நீ ஜெயிச்சிகினு இருந்த, ஒத்துக்கறேன். பாக்சிங்க பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, அத்தையும் ஒத்துக்கறேன். கேன் போட்றவன் நான். ஆனா ரிங்குல உன் மூலையில என்ன உட்டா வேற எவன் நின்னான்? ரெண்டு வருசமா நீ அத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. நல்லா சிரிச்ச, பரோட்டா துன்ன, படத்துக்கு வந்த. உள்ள வெச்சிகினே இருந்துட்டு கடசில படத்துலேர்ந்தே என்ன அழிச்சிட்ட. மூஞ்சில ஒண்ணு குத்தியிருந்தா கூட வாங்கியிருப்பேன்.

பிரசன்னா

~

சேக்காடு
25.8.2025

விக்ரம்,

உன் பதிலு வர்றதுக்கு முன்னாடியே எழுதறேன். நான் காலி.

நேத்து மாட்னி. மாமா இஸ்திரி போட்ட வெள்ள சட்ட. பாப்கார்ன் வெலைய கேட்டுட்டு அந்தப் பையன ஒரு பார்வ பாத்தாரு பாரு, அவன் தப்பு பண்ண மாதிரி. தியேட்டர்ல மொத்தமே பத்து பேரு. வண்டி கெளம்புச்சி, வண்டி போச்சி, வாத்தியாரு பேசனாரு, மாமா கண்ணு சொருவிகினே போச்சி. தப்பிச்சோம்னு நெனச்சேன்.

சத்தியமா வாயத் தெறக்கக் கூடாதுன்னு தான் இருந்தேன் மச்சான். ஆனா அந்த ஹீரோ நாளைக்கி எட பாக்கறாங்கன்னு சொல்லிகினே ஸ்ட்ரா போட்டு சாத்துக்குடி ஜூஸு உறியறான். பின்னாடி சோக மியூசிக்கு. ரெண்டாவது தபா அத்த என்னால பாக்க முடியல. எழுந்து நின்னுட்டேன்.

"டேய், எட கொறைக்கறவன் ஜூஸ் குடிப்பானாடா? நாங்க தாவணகெரே போனப்போ மாமா வண்டியில பின்னாடி நாப்பது கேன் தண்ணி, என் சிநேகிதன் ஒரு சொட்டு குடிக்கலடா!"

திரைய பாத்து கத்தறேன். ஒருத்தன் முன்னாடி விசிலு வேற அடிச்சான். பக்கத்துலேர்ந்து பொறுமையா ஒரு கொரலு வருது.

"எந்த மாமா வண்டில?"

உக்காந்தேன். அவரு அதுக்கப்புறம் தூங்கவே இல்ல. டிக்கெட்டு வாங்கிட்டமேன்னு கடசி வரிக்கும் பாத்தாரு. மாடு வந்தப்ப என் பக்கம் திரும்பி, இதுவுமான்னாரு. ஆமான்னேன். வெளிய வந்து வண்டி எடுக்கப் போனா, கைய நீட்னாரு. சாவிய குடுத்துட்டேன். ஊடு வர்ற வரிக்கும் ரெண்டே கேள்வி தான். தாவணகெரேக்கு எத்தினி கிலோமீட்டருன்னாரு. சொன்னேன். போவ மட்டுமான்னாரு.

ராத்திரி எங்கம்மா கிட்ட சொல்லிட்டாரு. அம்மா திட்டல, அழுவல. அந்த நாலு நாளும் நீ ஜெபா ஷெட்டுல வேல கத்துக்கறன்னு சொன்னேன்டா எல்லார்கிட்டயும்னு மட்டும் சொன்னாங்க. அது வலிச்சிது.

இதுல பாவம் ஜெபா. க்ளட்ச்ச வெச்சிகினு நாலு நாளு இழுத்தடிச்சான்னு மாமா அவன ரோட்ல நிக்க வெச்சி கேட்டு, அவனும் நம்மள காட்டிக் குடுக்காம திட்டு வாங்கிகினு, ரெண்டு வருசமா இவரு அந்த ஷெட்டுப் பக்கமே போவல இல்ல? இன்னிக்கி காலையில என்ன ஏத்திகினு நேரா பூந்தமல்லிக்கு உட்டாரு. மன்னிப்பு கேப்பாருன்னு பாத்தா வாய் வரல அவருக்கு. ஆயில் மாத்தணும்னு சொல்லி வண்டிய ஷெட்டுக்குள்ள உட்டாரு, அவ்ளோதான். ஜெபா ஒரு தபா அவரப் பாத்தான், ஒரு தபா என்னப் பாத்தான். "க்ளட்ச்சு நல்லா கீதா சார்?"னு கேட்டான். சாவடிச்சிட்டான் மச்சான்.

இனிமே எனக்கு வண்டி கெடையாது. வெள்ளானூர் லைனுக்கு வேற ஆள போட்டுட்டாரு. நான் மூணு சக்கர சைக்கிள்ல கேன மிதிச்சிகினு உங்கப்பா ஃபேக்டரி குவாட்டர்ஸ்ல மாடி மாடியா ஏறி எறங்கறேன். உங்கம்மாவுக்கும் ரெண்டு கேன் போட்டேன், மோர் குடுத்தாங்க.

மிதிக்கும்போது தான் மண்டையில ஏறுச்சி. நீ என்ன தூக்குனது இதுக்குத்தான? படத்துல கேன் வண்டியும் ஓட்றவனும் வந்தா மாமா கண்டுபுடிச்சிடுவாருன்னு. யாருடா உன்ன கேட்டா? ரெண்டு அற வாங்கியிருப்பேன், படத்துல இருந்திருப்பேன். இப்ப வண்டியும் போச்சி, படத்துலயும் இல்ல.

ஆனாலும் துண்ட பத்தி நீ இன்னும் வாயத் தெறக்கல. நான் கவனிச்சிகினு தான் கீறேன்.

பிரசன்னா

~

பிவானி பக்கம்
3.9.2025

பிரசன்னா,

ரெண்டு லெட்டரும் ஒண்ணா வந்தது. தியேட்டர் விஷயத்தப் படிச்சுட்டு மெஸ்ல சத்தமா சிரிச்சுட்டேன், தண்டனையா கிரவுண்ட சுத்த விட்டாங்க. க்ளட்ச் நல்லா இருக்கா சார்னு சொல்லிக்கிட்டே ஓடினேன்.

நீ புரிஞ்சுக்கிட்டது சரி. அமல்ராஜ் அண்ணனுக்கு உங்க மாமா வண்டியே வேணும்னு ஆசை. பேட்டியில எல்லாம் உன் பேரச் சொல்லி, உண்மையில நடந்ததுன்னு சொல்லப் போறேன்னார். மாமா வீட்டு மாடியிலதான் நீயும் அம்மாவும் இருக்கீங்க. உன்னால உங்கம்மா கீழ இறங்கிப் பேச்சு கேக்கக் கூடாதுன்னு நினைச்சேன். கடைசியில அதுதான் நடந்திருக்கு. இதை யாரும் பிரிச்சுப் படிச்சா படிக்கட்டும். மாமா, வண்டி விஷயத்துல எனக்கும் பங்கு உண்டு. வந்து நேர்ல திட்டு வாங்கிக்கிறேன்.

இப்போ துண்டு.

அதுக்காக உன்னை எடுக்கல. ஆனா கோவம் இல்லன்னு சொன்னா பொய். இருக்கு. இன்னும் இருக்கு. ரெண்டு ரவுண்டு நான் ஜெயிச்சுட்டேன். மூணாவதுல இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா முடிஞ்சிருக்கும். துண்டு வந்து என் கால்ல விழுந்தப்போ எதிராளியே ஆச்சரியமா பாத்தான். உன்கிட்ட பேசினா சண்டை வரும்னு பேசல. சண்டை வந்தா நீ போயிடுவியோன்னு பேசல. இதுதான் உண்மை.

இங்க கோச் என்னோட பழைய மேட்ச் எல்லாம் கேட்டார். தாவணகெரேல ஏன் பாதியில விட்டன்னார். என் மூலையில இருந்தவன் துண்டு போட்டான்னேன். யார் அவன்னார். ஃபிரெண்டுன்னேன். அவனுக்கு பாக்சிங் தெரியுமான்னார். தண்ணி கேன் போடுறவன்னேன். ரூமே சிரிச்சது. நான் கிளவுஸ கழட்டி வச்சுட்டு வெளிய போயிட்டேன். உன்னப் பாத்து அவங்க சிரிச்சது எனக்குப் பிடிக்கல. அதே நேரம் உன் மேல கோவமும் போகல. ரெண்டும் இருக்கு. நான் என்ன பண்ண?

அக்டோபர்ல சென்னையில மாநில செலக்‌ஷன். அதுல தோத்தா இங்க திரும்பி வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மூலையில நிக்க ரெண்டு பேர். ஒருத்தர் கிளப் ஆள். இன்னொருத்தர நான் சொல்லலாம்.

உன்னக் கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். மறுபடி அதே மாதிரி ரத்தம் வந்தா, நான் ஜெயிச்சுக்கிட்டு இருந்தா, நீ துண்டு வீசுவியா?

விக்ரம்

~

சேக்காடு
9.9.2025

விக்ரம்,

உன் கேள்வியப் படிச்சிட்டு கேன் போடவே போவல. குவாட்டர்ஸ் ஆளுங்கல்லாம் மாமாவுக்கு போன் போட்டு தண்ணி எங்கன்னு கேட்டாங்க.

வீசுவேன்.

வீச மாட்டேன்னு எழுத மனசு வந்துது. எழுதுனா நீ கூப்டுவ, நான் வருவேன், எல்லாம் நல்லா போவும். ஆனா அங்க ரத்தத்த பாத்தா என் கை சும்மா இருக்காது. அது எனக்குத் தெரியும். உன் கிட்ட பொய் சொல்லிட்டு அந்த மூலையில வந்து நிக்க மாட்டேன்.

அன்னிக்கி திரும்பி வரும்போது நீ முன் சீட்டுல தூங்கிட்ட. தையலு போட்ட கண்ணு வீங்கி மூடி இருந்துது. வண்டிய ஓட்றேன், ரோட்ட பாக்கறேன், உன்னப் பாக்கறேன். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு எடத்துல ஓரங்கட்டிட்டு, உன்ன எழுப்பி, அந்தக் கண்ண தெறடான்னேன். வெரலால பிரிச்சி, என் மூஞ்சி தெரியுதான்னேன். தெரியுது, தூங்க உடுன்னு திட்டுன. அதுக்கப்புறம் தான் எனக்கு கியர் போடவே கை வந்துது. உனக்கு இது ஞாபகம் இருக்காது.

உனக்கு செலக்‌ஷன் பெருசு. எனக்கு பெருசு அது இல்ல. கோவம் உள்ள இருந்தா இருக்கட்டும், வெச்சிக்கோ, அது உன்னுது. ஆனா உனக்கு எது வந்தாலும் பாத்துகினு நிக்கிற ஆளு வேணும்னா, நெறிய பேரு கெடைப்பாங்க. என்ன உட்டுடு. கீழ உக்காந்து விசிலடிச்சிட்டு போறேன். அதுக்கும் டிக்கெட்டு வாங்கிகினு வருவேன்.

வண்டிய புடுங்குனப்புறம் மாமா நேத்து தான் மொத தபா என் கிட்ட பேசனாரு. படத்துல நம்ம வண்டிய காட்டியிருந்தா படம் ஓடியிருக்கும்னாரு. சாவிய மட்டும் இன்னும் தரல.

மணிக்கட்டுக்கு ஐசு வெக்கிறியா? எங்கம்மா கேக்கச் சொன்னாங்க.

பிரசன்னா

~

பிவானி பக்கம்
17.9.2025

பிரசன்னா,

படிச்சதும் கோவம்தான் வந்தது. லெட்டர மடிச்சு ஷூக்குள்ள போட்டுட்டுப் போய் பையில குத்தினேன். ரூமுக்கு வந்து மறுபடி படிச்சேன்.

நேத்து கோச் கேட்டார், மூலையில ரெண்டாவது ஆள் யார்னு. உன் பேரச் சொன்னேன். அந்த தண்ணி கேன்காரனா, அவன் மறுபடி துண்டு வீசினா என்ன பண்ணுவன்னார். வீசுவான் சார், அவன்கிட்ட கேட்டுட்டேன், அதனால அவன் வீசுற மாதிரி நான் அடி வாங்கக் கூடாதுன்னு சொன்னேன். இந்தத் தடவ யாரும் சிரிக்கல.

முப்பதாம் தேதி சென்ட்ரல்ல இறங்குறேன். மாமா வண்டி குடுக்கலன்னா ஆவடியில மின்சார ரயில் ஏறி வா.

செருப்போட மூலையில நிக்க விட மாட்டாங்க. ஷூ வாங்கிக்கோ.

விக்ரம்